மறுத்தது அந்தப் பக்கம்

என் மாமனார் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. அந்த வேலைக்கு அவர் ஆள் வைத்திருந்தார்.

வேலை கேட்டு வருகிறவர்களிடம் வாசல் காவலாளி சொல்வார். லீவு கேட்கிறவர்களிடம் மேஸ்திரி சொல்வார். தூரத்து உறவுக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால், பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார். அவர் மட்டும் எல்லோரையும் பார்த்துச் சிரித்து, "அதுக்கென்ன, பண்ணிடலாம்" என்பார். லென்ஸ் தேய்க்கும் எங்கள் தொழிற்சாலையில் நாற்பத்தோரு பேர் வேலை செய்கிறோம். நாற்பது பேர் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். நாற்பத்தோராவது ஆள் நான். அவருடைய மூத்த மகளைக் கட்டியவன். கம்ப்யூட்டர்களையும் மெயில் சர்வரையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்தத் திங்கள்கிழமை காலை அவர் என் அறைக்கு வந்தார். பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கும் மூலையைப் பலகை வைத்துத் தடுத்தால் என்ன கிடைக்குமோ அதுதான் என் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, காலடியில் முனகிக்கொண்டே இருக்கும் சர்வர். அவர் அங்கே வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, இந்த மெயில் எல்லாம் உங்க கையிலதானே இருக்கு?"

"ஆமா மாமா."

"அனுப்பினது சில சமயம் திரும்பி வந்துடுமாமே?"

"வரும். அட்ரஸ் தப்பா இருந்தா வரும். அவங்க பெட்டி நிறைஞ்சிருந்தா வரும். நம்மளை அவங்களுக்குப் பிடிக்கலன்னாலும் வரும்."

"பிடிக்கலன்னாக்கூடவா?" அவர் முகம் மலர்ந்தது. "அது நல்லா இருக்கே. சின்னவ அனுப்பறது அப்படித் திரும்பி வரணும்."

சின்னவள் அவருடைய இளைய மகள். எனக்கு மச்சினி. சோதனை மேசையில் உட்கார்ந்திருப்பவள். கறுப்புத் துணியின் மேல் லென்ஸைப் பிடித்து, சாய்வாக விளக்கடித்து, மற்றவர்கள் கண்ணில் படாத கீறலை அவள் கண்டுபிடிப்பாள். அவள் கையெழுத்துப் போட்ட பெட்டியை வாங்குகிறவர்கள் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. வேறொரு நாட்டில், தொலைநோக்கிகளுக்குக் கண்ணாடி செய்யும் ஒரு கூடத்தில் இரண்டு வருஷப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். லென்ஸ் பட்டறைகள் தங்கள் ஆளின் பெயரை அனுப்பவேண்டும். நானூறு பேரில் ஆறு பேரை எடுப்பார்கள். விண்ணப்பத்தில் முதலாளி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது என் மாமனார்தான். நானூறில் இவளையா எடுக்கப்போகிறார்கள் என்ற தைரியம். எடுத்துவிட்டார்கள்.

'வருகிறேன்' என்ற சம்மதக் கடிதம் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அவர்களுக்குப் போய்ச் சேரவேண்டும். அதுவும் விண்ணப்பம் போன அதே முகவரியிலிருந்து, அதாவது எங்கள் கம்பெனி முகவரியிலிருந்து. போகாவிட்டால் அந்த இடம் பட்டியலில் ஏழாவதாக இருப்பவருக்கு.

"போகாதேன்னு நீங்களே சொல்லிடலாமே மாமா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெத்த பொண்ணுகிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்றது? பாவம் இல்லையா? அவங்க வேண்டாம்னுட்டாங்கன்னா நாலு நாள் அழுவா, அப்புறம் சரியாயிடுவா. நான் சொன்னா ஜென்மத்துக்கும் அழுவா." எழுந்து என் தோளைத் தட்டினார். "அவ இல்லன்னா இந்தக் கம்பெனிக்குக் கண்ணே இல்ல மாப்பிள்ளை. உங்க மூளைக்கு இது எம்மாத்திரம்?"

எனக்கும் மறுக்கும் பழக்கம் கிடையாது, மற்றவர்களுக்காக மறுப்பதைத் தவிர.

செய்ததை நன்றாகத்தான் செய்தேன். வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தையும் எங்கள் சர்வர் எதிர்ப்பக்கத்துச் சர்வரிடம் கொண்டுபோய் நீட்டும். அது வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்லித் திருப்பும். எண் நாலில் ஆரம்பித்தால் 'அப்புறம் வா'. ஐந்தில் ஆரம்பித்தால் 'வராதே'. சின்னவள் அந்தக் கூடத்துக்கு எழுதுவதை மட்டும் வெளியே விடாமல், என் மேசைக்கடியில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டேன். கூடத்தின் சர்வர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். கூடத்துச் சர்வர் பேசும் விதம், அது வணக்கம் சொல்லும் வரி, அந்த வரியில் இருந்த ஒரு தேவையில்லாத புள்ளி உட்பட எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன்.

எந்த எண்ணைச் சொல்லவைப்பது என்று கொஞ்சம் யோசித்தேன். ஐந்து என்றால் அவள் உடனே ஓடி வருவாள். நாலு என்றால் ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பாள். நாலு போட்டேன். மாமனார் அதைச் சொல்லவில்லை. அது என் சொந்தக் கைவேலை.

செவ்வாய் காலை அவள் வந்தாள். கழுத்தில் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி, நக இடுக்கில் வெள்ளைத் தூள்.

"அத்தான், உங்க சர்வருக்கு என்ன வியாதி? நேத்து மத்தியானம் அனுப்பினது இன்னும் வரிசையில நிக்குதாம். ரேஷன் கடையா நடத்துறீங்க?"

"அந்தப் பக்கம் அப்புறம் வான்னு சொல்லியிருக்கும். இரு, பாக்கறேன்." லாகைத் திறந்தேன். ஒவ்வொரு கடிதமும் எப்போது கிளம்பியது, என்ன பதில் கிடைத்தது என்று சர்வர் எழுதிவைக்கும் குறிப்பு அது. "ஆமா, பிஸியா இருக்காங்க போல. இன்னொரு தடவை அனுப்பு."

அவள் என் கண் முன்னாலேயே தன் போனிலிருந்து அனுப்பினாள். அதற்குள் நான் எண்ணை ஐந்துக்கு மாற்றியிருந்தேன். முதல் கடிதம் மட்டும் வரிசையில் நின்றது. அதைத் தனியே ஓரமாக நிறுத்திவைத்தேன். இரண்டாவது கடிதம் உடனே திரும்பி வந்தது: 550, கொள்கை காரணமாக ஏற்கப்படவில்லை. உலகத்தில் அதைவிட நல்ல மறுப்பு கிடையாது. என்ன கொள்கை, யாருடைய கொள்கை என்று யாரையும் கேட்க முடியாது.

"கொள்கையா? என்ன கொள்கை?" என்றாள்.

"பைல் பெருசா இருக்கலாம். கையெழுத்தை ஸ்கேன் பண்ணிச் சேத்திருக்கே இல்ல?"

அவள் பைலைச் சிறிதாக்கினாள். திரும்பி வந்தது. தலைப்பை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். கையெழுத்துப் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். எழுத்துருவை மாற்றச் சொன்னேன். கம்பெனி முத்திரை இல்லாமல் அனுப்பச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் சோதனை மேசைக்கும் என் அறைக்கும் நடந்தாள். நடுவில் பாலிஷ் மெஷின்கள் வரிசையாக ஓடும் நீளமான அறை. ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி, "என்னம்மா, வெளிநாட்டுக்கு நடந்தே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார். அவளும் சிரித்தாள். லென்ஸ் குறைகளைக் குறிக்கும் சோதனை அட்டை ஒன்றில், எதை மாற்றினாள், எத்தனை மணிக்கு, என்ன பதில் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள்.

"ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும் அத்தான். ரெண்டை மாத்தினா எது தப்புன்னு தெரியாது."

சாயங்காலம் அந்த அட்டையில் பதினோரு வரி இருந்தது. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பதினோரு தடவையும் என் பழைய கம்ப்யூட்டர் பிசகாமல் பதில் சொன்னதே எனக்குப் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை தன் சொந்த மெயிலிலிருந்து எழுதிப் பார்த்தாள். கூடத்திலிருந்து மரியாதையான பதில் வந்தது: வாழ்த்துகள், தயவுசெய்து பதிவு செய்த முகவரியிலிருந்து அனுப்பவும். போன் செய்தாள். காத்திருக்கச் சொல்லிப் போட்ட வாத்தியத்தை அரை மணி நேரம் கேட்டுவிட்டு ஒரு பெண்ணிடம் பேசினாள். போனை வைத்ததும் நேராக என்னிடம் வந்தாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"என்கிட்டேருந்து ஒண்ணுமே வரலையாம்."

"அதான் திருப்பி அனுப்பிடறாங்களே."

"இல்ல அத்தான். திருப்பி அனுப்பினதாகவும் இல்லையாம். கம்ப்யூட்டர் பாக்குறவரையே கேட்டுச் சொன்னா. நம்ம கம்பெனி பேர்ல யாரும் அவங்க கதவையே தட்டலையாம். தட்டாத கதவு எப்படிப் போன்னு சொல்லும்?"

தொழில் தெரிந்தவனுக்குப் பொய் தானாக வரும்.

"பெரிய இடத்துல எல்லாம் சர்வருக்கு முன்னாடி இன்னொரு சர்வர் காவலுக்கு நிக்கும். வர்றதை அதுவே திருப்பிடும். உள்ள இருக்கறவங்களுக்கு யாரு வந்தாங்கன்னே தெரியாது."

அவள் யோசித்தாள். பிறகு மெதுவாகச் சிரிப்பு வந்தது. "நம்ம அப்பா மாதிரின்னு சொல்லுங்க. காவலாளி துரத்திடுவார், முதலாளி தங்கமான மனுஷனாவே இருப்பார்."

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது.

"எனக்கு அதைக் கண்ணால பாக்கணும்," என்றாள். "நீங்க முன்னாடி ஒரு தடவை கையாலேயே டைப் பண்ணி வேற சர்வர்கிட்டப் பேசினீங்களே, அந்த மாதிரி பண்ணுங்க."

வியாழக்கிழமை காலை செய்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினேன். அந்தப் பக்கம் வணக்கம் சொன்னது. நாங்கள் யார் என்று சொன்னேன். சரி என்றது. அனுப்புகிறவர் பெயர் தட்டினேன். சரி என்றது. பெறுகிறவர் பெயரைத் தட்டியதும் 550 என்றது. என் கால் விரல் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. லேசாகச் சூடாக இருந்தது.

"என் பேருக்குப் பதிலா வேற பேர் போடுங்க. மேஸ்திரி பேர்."

போட்டேன். அதற்கும் 550. அதை முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன்.

"எவ்வளவு சீக்கிரமா சொல்லுது," என்றாள். "அவ்வளவு தூரத்துலேருந்து."

"கம்பிக்குள்ள வெளிச்சமாத்தான் போகுது. வெளிச்சத்தோட வேகம் உனக்கே தெரியுமே."

"தெரியும்," என்றாள். திரையிலேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

மாமனார் முந்தின நாளே சொல்லியிருந்தார்: "நாளைக்கு எல்லார் முன்னாடியும் உங்களைக் கொஞ்சம் பேசுவேன் மாப்பிள்ளை. அவளுக்கு நம்பிக்கை வரணும் பாருங்க. மனசுல வச்சுக்காதீங்க." நானும் தலையாட்டியிருந்தேன். மதியம் பாலிஷ் அறைக்குக் கூப்பிட்டார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார். நாற்பது பேரும் திரும்பினார்கள்.

"ஏன்யா, நாலு நாளா ஒரு லெட்டரை வெளிய அனுப்ப முடியல. நீயெல்லாம் என்னய்யா படிச்சே?"

ஒன்பது வருஷத்தில் அவர் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"மாமா, அந்தப் பக்கம்தான்..."

"அந்தப் பக்கமாம், அந்தப் பக்கம்! இங்க எல்லாரும் லென்ஸைத் தேய்க்கிறாங்க. நீ ஒன்பது வருஷமா நாற்காலியைத் தேய்க்கிறே."

சிரிப்பு கிளம்பியது. மேஸ்திரிதான் முதலில். முதலாளி சிரிக்கச் சொல்கிறார் என்று தெரிந்ததும் மற்றவர்களும். அவருக்குச் சூடு பிடித்துவிட்டது.

"சின்னவ போய்ப் படிச்சுட்டு வரட்டும். வந்த ஆறு மாசத்துல இந்தக் கம்பெனியே அவ கையில. உன் டப்பாவையும் சேத்து அவளே பாத்துப்பா. உன்னைக் காவலாளிக்குத் துணையா வாசல்ல உக்கார வைக்கிறேன். வர்றவங்களுக்கு வழி சொல்லவாவது உதவுவே."

"போதும்ப்பா!" சின்னவள் சோதனை மேசையிலிருந்து எழுந்து வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். "அத்தான் என்ன பண்ணுவார்? நாலு நாளா எனக்காக அல்லாடறார். மறுக்கறது அந்தப் பக்கம். இவரைத் திட்டி என்ன ஆகப்போகுது?"

அவர் உடனே தணிந்தார். அவளிடம் அவர் எதையும் மறுப்பதில்லை அல்லவா. வெளியே வந்ததும் என் முதுகில் தட்டி, "எப்படி?" என்றார். கண்ணில் மேடையிலிருந்து இறங்கியவனின் சந்தோஷம்.

"நல்லா இருந்துச்சு மாமா," என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி துணி மடித்துக்கொண்டே, "அப்பா உங்களைத் திட்டினாராமே?" என்றாள்.

"அது சும்மா நடிப்பு." நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. ஒரு சட்டையின் கையை நீவிவிட்டு மடித்தாள்.

"கேட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கு அது நடிப்பு மாதிரி தெரியலையாம். மேஸ்திரி சம்சாரம் போன் பண்ணிச் சொல்லிச் சிரிக்கறா." அடுத்த சட்டையை எடுத்தாள். "கம்பெனி அவ கையிலன்னு சொன்னாராமே. அதுவும் நடிப்பா?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மாமனார் மறுபடி என் அறைக்கு வந்தார். இந்தத் தடவை நாற்காலியைத் துடைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய லென்ஸ் ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"பாருங்க."

விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரு கீறல். எனக்கே தெரிந்தது.

"நேத்து இதை அவ பாஸ் பண்ணியிருக்கா. இதை மட்டும் இல்ல, ஒரு பெட்டி முழுக்க. மூணு நாளா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. கண்ணே போயிடுச்சு மாப்பிள்ளை." உண்மையிலேயே உடைந்திருந்தார். "இப்படி ஆகும்னு நான் நினைக்கல. இந்தக் கண்ணை இங்க வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? போகட்டும். ரெண்டு வருஷம்தானே. நல்ல கண்ணோட திரும்பி வரட்டும். அதை எடுத்துடுங்க."

"சரி மாமா."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம்."

"நல்லது. நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லவேண்டாம். அந்தப் பக்கம் சரியாயிடுச்சுன்னு சொல்லிடுங்க." வாசல் வரை போய்த் திரும்பினார். "நேத்து பேசினதுல ஒண்ணும் இல்லையே?"

"நடிப்புன்னா கொஞ்சம் கூடக் குறைய இருக்கத்தான் செய்யும் மாமா."

"அதானே," என்று சிரித்துவிட்டுப் போனார்.

இரண்டு வரி. ஒரு வரி தட்டினால் வழி திறந்துவிடும். இன்னொரு வரி தட்டினால் திங்கள்கிழமையிலிருந்து ஓரமாக நின்றுகொண்டிருக்கும் அவளுடைய முதல் கடிதம், கையெழுத்தோடும் முத்திரையோடும், கிளம்பி நாலைந்து விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். முதல் வரியைத் தட்டி முடித்தேன். என்டரை அழுத்தவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து அழுத்தலாம் என்று எழுந்து போனேன்.

சாப்பாட்டு அறையில் மேஸ்திரி தன் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் கையால் தேய்த்துக் காட்டி, "உக்காருங்க சார், உங்களுக்குத் தோதா இருக்கும்" என்றார். எதிரில் இருந்த இரண்டு பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

திரும்பி வந்து, தட்டிய வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

இரண்டு மணிக்கு அவள் அனுப்பினாள். 550. மூன்று மணிக்கு அனுப்பினாள். மூன்று நாற்பதுக்கு நேராக என் அறைக்கே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு வட்டம். கழுத்தில் பூதக்கண்ணாடி இல்லை. அவளுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அவங்க என்னைத் தப்பா செலக்ட் பண்ணிட்டாங்களோ? அதை நேரா சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இப்படிப் பண்றாங்களோ?" சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். "போன்ல பேசின பொண்ணு ரொம்ப நல்லாப் பேசினா. அவ்வளவு நல்லாப் பேசறவங்க நிஜத்தைச் சொல்லமாட்டாங்க இல்ல?"

மூன்று ஐம்பத்திரண்டு. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருக்கலாம்.

"இருக்கலாம்," என்றேன்.

அவள் தலையசைத்தாள். நாலு நாளாகத் தேடிய கீறல் கிடைத்துவிட்டதுபோல. அதற்குப் பிறகு அவள் மறுபடி அனுப்பச் சொல்லவில்லை. திரையின் மூலையில் இருந்த மணியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு ஆனதும், "நாலு," என்று சொல்லிவிட்டு டீயை மேசையில் வைத்தாள். எனக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு வரியும் தட்டினேன். முதல் வரி வழியைத் திறந்தது. இரண்டாவது வரியை மட்டும் மாற்றித் தட்டினேன். அவள் கடிதம் வரிசையிலிருந்து அழிந்தது. பழைய கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். கடைசியாக லாகை அழித்தேன்.

மாமனார் ஓடி வந்தார். "என்ன மாப்பிள்ளை, அழுதுக்கிட்டுப் போறா?"

"நான் காலையிலேயே எடுத்துட்டேன் மாமா. இப்போ அவங்களே நிஜமாவே மறுத்துட்டாங்க."

"அவங்களேவா?" வாயைப் பிளந்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனதைப் பார்த்தேன்: அதிர்ச்சி, வருத்தம், கடைசியாக, மறைக்க முடியாத நிம்மதி. "அப்போ நான் போகச் சொல்லிட்டேன். அவங்கதான் வேண்டாம்னாங்க. என் மேல ஒண்ணும் இல்ல, இல்லையா?"

"ஒண்ணும் இல்ல மாமா."

அவர் அவளைத் தேடிப் போனார். தூரத்தில் அவர் குரல் கேட்டது: "உன்னை வேண்டாம்னு சொன்னவன் எவனா இருந்தாலும் அவனுக்குக் கண்ணே இல்லடா கண்ணு."

அடுத்த புதன்கிழமை கூடத்திலிருந்து கடிதம் வந்தது. தங்கள் சம்மதம் குறித்த நேரத்தில் கிடைக்காததற்கு வருந்துகிறோம், இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. எந்தத் தடையும் இல்லாமல் நேராக உள்ளே வந்தது. அவள் அதைப் படித்தாளா என்று எனக்குத் தெரியாது. மேசையில் உட்கார்ந்து லென்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலை ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். பூதக்கண்ணாடி மறுபடி கழுத்தில் இருந்தது.

"அத்தான், எனக்கு இதெல்லாம் கத்துக் குடுங்க."

"எதெல்லாம்?"

"சர்வர். மெயில் எப்படிப் போகுது, எங்க நிக்குது, யாரு திருப்பறாங்க. எல்லாம்."

"உனக்கு எதுக்கு இந்த வேலை? உன் கண்ணுக்கு..."

"அப்பாகிட்டக் கேட்டேன். அதுக்கென்ன, பண்ணிடலாம்னார். தினமும் காலையில ஒரு மணி நேரம்." ஸ்டூலை என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க வேண்டாம்னு சொல்வீங்களா?"

சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டேன். எல்லாம் எழுதியிருக்கும் இடத்திலிருந்து என்றாள். லாகைத் திறந்தேன். அவள் திரைக்கு அருகில் குனிந்தாள். முதல் வரியில் விரல் வைத்து, சாய்வாகத் தலையைத் திருப்பி, வரி வரியாக இறங்கி வந்தாள். பிறகு மறுபடி மேலே போனாள்.

"இதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் எங்க?"

"இடம் நிறைஞ்சுடுச்சு. அழிச்சேன்."

"எப்போ?"

"போன வெள்ளிக்கிழமை."

"எத்தனை மணிக்கு?"

பொய் தானாக வரும் என்று சொன்னேன் அல்லவா. அன்றைக்கு வரவில்லை. ஒருவேளை, அழித்த நேரம்தான் லாகின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறதே என்று தோன்றியிருக்கலாம்.

"நாலு மணி ஏழு நிமிஷம்."

பலகைக்கு அந்தப் பக்கம் பாலிஷ் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ எதையோ சொல்லி மேஸ்திரி உரக்கச் சிரித்தார். அவள் குனிந்து என் மேசைக்கடியில் பார்த்தாள். பிடுங்கின வயரோடு கிடந்த அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நிதானமாக, ஒரு லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"சரி," என்று ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டாள். "முதல்லேருந்து சொல்லிக் குடுங்க அத்தான். மெதுவாவே சொல்லுங்க. நான்தான் எங்கயும் போகலையே."